மழையைத் திருப்பிக் கேட்டவர்

போன மாதம் ஷாகிரா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் விருப்ப ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கம்பெனியின் கதைப் பிரிவு அவள் பொறுப்பில் இருக்கிறது. குறும்படங்களுக்குக் கதைக்கரு கொண்டுவருகிறவர்களுக்கு அபிப்பிராயம் சொல்ல இனி அறை வேண்டாமாம், நாற்காலி வேண்டாமாம். கம்ப்யூட்டரில் ஒரு படிவம் வந்துவிட்டது. ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று தொட்டுவிட்டு, கீழே உள்ள கட்டத்தில் இரண்டு வரி எழுதினால் முடிந்தது.

"எல்லாருமே நாலு நட்சத்திரம் குடுக்கறாங்கக்கா. கட்டத்துல எழுதறதும் ஒண்ணேதான். என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்?"

"நல்லா இருக்குங்க."

"அதேதான்! இவங்க எழுதினதுக்கெல்லாம் பன் வாங்கியிருந்தா நாம பேக்கரியே வெச்சிருக்கலாம்" என்று சிரித்தாள். பிறகு, புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பன் கதையே தெரியாது என்றும், கதை அறையில் நாங்கள் என்ன செய்தோம் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டாள். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். அதில் இருப்பதை ஒழுங்கு செய்து எழுதுகிறேன். நினைவை மட்டும் நம்பி எழுதிய இடம் இதில் இல்லை.

நான் சேர்ந்தபோது அது விளம்பரப் படக் கம்பெனி. மோட்டார் பம்பு, பட்டுப் புடவை, கிரைண்டர். பீளமேட்டில் ஒரு மில் ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்த என்னை, எழுத்துப்பிழை இல்லாமல் அடிப்பேன் என்பதற்காக எடுத்தார்கள். அடிக்கிற கதைகளைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. படித்ததைப் பற்றிச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மேசை மாறியது. குறும்படங்கள் எடுக்கத் தொடங்கியபோது கதை கேட்பதுதான் என் வேலை என்று ஆகியிருந்தது.

முதலாளி நாச்சிமுத்து சார். டீ கொண்டுவருகிறவர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லாருக்கும் ஒரே 'ங்க'தான் போடுவார். என்னை அம்மணி என்பார். அவர் கதை கேட்கும் முறையை முதலில் பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள். எழுதியவர் உட்கார்ந்து தாளைப் பிரித்ததும், சார் தன் சுழல் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். கதை முடியும்வரை அவருடைய முதுகுதான் தெரியும். "என்ற மூஞ்சியப் பாத்துட்டே படிச்சீங்கன்னா, நான் முகம் சுளிச்ச எடத்தை அங்கயே வெட்டிப் போடுவீங்க. செவுத்துக்குப் படிங்க. செவுரு ஒண்ணும் சொல்லாது" என்பார்.

படித்து முடித்தவுடன் யாரும் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. கேட்டவர்களில் ஒருவர், தாளைப் பார்க்காமல், அந்தக் கதையைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னாலும் எழுதியவர் குறுக்கே திருத்தக் கூடாது. திருப்பிச் சொன்னதில் எது விட்டுப்போனதோ அது கதையில் ஒட்டவில்லை. எழுதாத எதைச் சொன்னவர் சேர்த்துக்கொண்டாரோ அது கதைக்குத் தேவைப்படுகிறது. இந்தக் கணக்கில் பாதி அபிப்பிராயம் யாரும் வாய் திறந்து குறை சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடும். மிச்சத்தை ஒவ்வொருவராகச் சொல்லலாம்.

ஒரு சொற்றொடருக்கு மட்டும் அந்த அறையில் தடை. 'நல்லா இருக்குங்க.' சொன்னவர் அறையில் உள்ள அத்தனை பேருக்கும், ஆபீசுக்கு எதிரே உள்ள பேக்கரியில் தேங்காய் பன் வாங்கித் தர வேண்டும். "அது வாசல்ல செருப்பக் கழட்டற மாதிரிங்க. மரியாதை. அபிப்பிராயம் இல்லீங்க" என்பார் சார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சாதாரணத் தடையா? கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் நல்லா இருக்குங்க என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். முதல் வருடம் நாங்கள் தின்ற பன்னுக்கு அளவே இல்லை. சார் மட்டும் ஒரு நாளும் பன் வாங்கியதில்லை.

எனக்கும் ஒருமுறை அந்த நாற்காலியில் உட்காரும் ஆசை வந்தது. மேட்டுப்பாளையம் ரயிலில் குடையைத் தொலைத்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதிக்கொண்டு போனேன். பாக்குத் தோப்பு, மலை மேல் இறங்கும் மேகம், ஜன்னலோரக் காற்று என்று ஒரு பக்கம் முழுக்க நிரப்பியிருந்தேன். சார் சுவரைப் பார்த்தபடியே திருப்பிச் சொன்னார்.

"ஒரு அம்மா குடையத் தொலைச்சுப்போட்டாங்க. அப்பறம் கெடைச்சுதுங்க."

"சார், அந்த மலை, மேகம்..."

"மலை அங்கயேதான் இருக்குதுங்க அம்மணி. கதைக்குள்ள வரலீங்க."

கோபமாகத்தான் வெளியே வந்தேன். பஸ்ஸில் காந்திபுரம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்மணி தள்ளி உட்கார்ந்துகொண்டார். அபிப்பிராயம் சொல்லும் வேலைக்கு எனக்கு வேறு பயிற்சி எதுவும் கிடையாது.

இனி, ஷாகிரா முக்கியமாக எழுதச் சொன்ன துரைசாமியின் விஷயம்.

மழைக்காலத்தையொட்டி ஆறு குறும்படங்கள் எடுப்பதாக இருந்தது. ஐந்துக்குக் கதை முடிவாகிவிட்டது. ஆறாவதற்கு வந்த கதைக்கருக்களில் ஒன்று ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. எழுதியவர் துரைசாமி, ஐம்பது வயதுக்காரர், சொந்தமாகச் சிறிய கொப்பரைக் களம் வைத்திருக்கிறவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அவர் படித்த கதைக்கரு அரைப் பக்கம்தான். ஷாகிரா அப்போது வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கோட்டைமேட்டுப் பெண், ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். அவள் திருப்பிச் சொன்னாள்:

"அடுத்தடுத்து ரெண்டு கொப்பரைக் களம். ரெண்டு களத்துக்காரருக்கும் பல வருசமாப் பேச்சுவார்த்தை இல்லை. ரெண்டு களத்துலயும் தேங்காய்ப் பருப்பு காயுது. ஒருத்தர் குடோனைப் பூட்டிட்டு வெளியூர் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. திடீர்னு மழை. இருக்கறவர் கையில ஒரே ஒரு தார்ப்பாய். அவர் காய் நேத்து உடைச்சது, நனைஞ்சாலும் இன்னொரு வெயில்ல தேத்திக்கலாம். பகையாளியோடது காஞ்சு முடிஞ்ச பருப்பு, நனைஞ்சா பூஞ்சை பிடிச்சுப்போயிரும். தார்ப்பாயைத் தூக்கிட்டு வேலியத் தாண்டறாரு."

ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஒன்றும் சேரவும் இல்லை. எனக்கு உள்ளூரக் குதிக்க வேண்டும்போல இருந்தது. பன் பயத்தில் பேசாமல் இருந்தேன்.

அன்று அறையில் ஆள் அதிகம். ஒளிப்பதிவாளர், எடிட்டர், அவர்களுடைய உதவியாளர்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டு வீட்டிலும் ஒரு பெண், ஒரு பையன் இருந்தால் காதல் வரும் என்றார் ஒருவர். பகை எப்படி வந்தது என்று காட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். ஒரு நாய் இருந்தால் குழந்தைகளும் பார்ப்பார்கள். கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதால் கண் கலங்கும். துரைசாமி எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு சார் நாற்காலியைத் திருப்பினார். "இன்னிக்கு நம்ம ஆளுங்க கெடுத்துப்போட்டாங்க அம்மணி. அவரு எதைத் தள்ளறார்னு பாக்கோணும்" என்றார்.

துரைசாமி எதையும் தள்ளவில்லை. அடுத்த முறை பத்துப் பக்கம் கொண்டுவந்தார். காதலர்கள் இருந்தார்கள். பகை வந்த கதை இருந்தது. அதில் போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. நாய்க்குப் பெயர்கூட வைத்திருந்தார். மழை எட்டாம் பக்கத்தில் வந்தது. தார்ப்பாயைக் கவ்விக்கொண்டு ஓடுவது நாய். ஷாகிரா திருப்பிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நின்று, என்னைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "அக்கா, அந்த எஸ்.ஐ. யாரோட மாமா?" என்று மெல்லக் கேட்டாள். துரைசாமியே தாளைப் புரட்டித் தேடினார்.

சுவர்ப் பக்கமிருந்து சார் குரல் வந்தது. "வெள்ளிக்கெழமை கடைசியா ஒருக்காக் கேக்கறனுங்க. அதுல ஆகலீன்னா வேற கதைக்குப் போயாகோணும். மழை நமக்காகக் காத்திருக்காது பாருங்க."

நான் துரைசாமியை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "மேடம், நான் எழுதறது என்ற சம்சாரத்தைத் தவிர யாருக்கும் தெரியாதுங்க. இதுவும் ஆகலீன்னா இனிமே பேனாவத் தொடறதில்லைன்னு அவகிட்டச் சொல்லிட்டு வந்தேனுங்க." வருத்தமாகச் சொல்லவில்லை. நாளைக்குத் தேங்காய் வெட்டு இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையே அவரை வரச் சொல்லிவிட்டேன். சார் மத்தியானம்தான் வருவார். அறையில் நானும் துரைசாமியும் மட்டும்.

"அவங்க சொன்னது உங்களுக்குப் பிடிச்சிருந்துதுங்களா?"

"அப்படியில்லீங்க. இத்தனை பேரு வேலைய உட்டுப்போட்டு உக்காந்து கேட்டீங்க. கேட்டவீங்க ஒண்ணு வேணும்ங்கறப்ப, இல்லீன்னு எப்புடீங்க சொல்றது? மரியாதையா இருக்காதுங்களே."

எனக்கு விளங்கிவிட்டது. இவருக்கு எங்கள் அபிப்பிராயம் எல்லாம் பந்தியில் உட்கார்ந்தவர்கள் கேட்பதுபோல. இலையில் உட்கார்ந்தவன் கேட்டதைப் போடாமல் விட இவர் கையால் ஆகாது. 'உங்களுக்குப் பிடிக்காததைத் தள்ளுங்கள்' என்று நான் சொன்னால் அதற்கும் சரிங்க என்பார். ஆகவே வேறு வழியில் போனேன். கேட்க ஆரம்பித்தேன்.

"நாய்க்குப் பதிலா ஆனை வெச்சுக்கலாமுங்களா? ஆனைமலைதானே?"

கொஞ்சம் யோசித்தார். "சரிங்க. டாப்சிலிப் ஆனை முகாம்ல கேட்டுப் பாக்கலாங்க."

"கொப்பரை எல்லாருக்கும் புரியாது. துணி காயட்டும்."

"சரிங்க."

"மழை எடுக்கறது சிரமம். மழையே வேண்டாம்."

பேனா நின்றது. என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். சிரித்துவிடுவேனோ என்று பயம். "மழை... வேண்டாமுங்களா? சரிங்க. காத்தடிக்கட்டுமுங்க" என்று எழுதிக்கொண்டார்.

எனக்கே ஆயாசமாகிவிட்டது. அந்த மனிதருடைய கதையில் கொப்பரை இல்லை, களம் இல்லை, மழை இல்லை. யானை மட்டும் நின்றுகொண்டிருந்தது. மிச்சம் இருந்த ஒன்றையும் கேட்டுவிட்டேன்.

"சரி, கட்டிப்பிடிச்சு அழ வேண்டாம். அந்த வெளியூர் போனவர் திரும்பி வந்து, இவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை, 'ரொம்ப நன்றிங்க'ன்னு சொல்லட்டும். அவ்வளவுதான்."

துரைசாமி எழுதவில்லை. பேனாவை மூடினார்.

"அது ஆகாதுங்க."

"ஏனுங்க?"

"ஆகாதுங்க. நன்றின்னு சொல்லிட்டா அதோட கணக்குத் தீந்துபோச்சுங்க. அவரு நன்றிக்குப் பண்ணலீங்க. காஞ்ச பருப்பு நனையறதப் பாத்துட்டு ஒரு களத்துக்காரன் நிக்க மாட்டானுங்க. பகை வேற, பருப்பு வேறீங்க." குரல் ஏறியிருந்தது. "ரெண்டு பேரும் பேசவே கூடாதுங்க. ஒரு வார்த்தை பேசுனாலும் அது வேற கதைங்க."

"அப்ப அவர் திரும்பி வந்து என்ன பண்ணுவாரு? பாத்துட்டுச் சும்மா இருப்பாரா?"

"தார்ப்பாயத் தண்ணி வடியக் காயப் போட்டு, நல்லா மடிச்சு, வேலி மேல வெப்பாருங்க. காலைல பாத்தா வேலி மேல இருக்காதுங்க."

இது அவர் முதலில் கொண்டுவந்த அரைப் பக்கத்தில் இல்லை. அதில், ஊரில் இருந்தவர் வேலியைத் தாண்டுவதோடு கதை முடிந்திருந்தது.

"இது எப்படீங்க தெரியும் உங்களுக்கு?"

"அந்த நனையாத பருப்பு என்னுதுங்க."

அவர்தான் கல்யாணத்துக்குப் போனவர். இத்தனை நாளாக அவர் பகையாளியின் பக்கம் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

அதற்குமேல் நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு முறை இல்லை என்று சொல்லிப் பார்த்தவருக்கு ருசி பிடித்துவிட்டது. பத்துப் பக்கத்தையும் மேசையில் பரப்பினார். "இந்தப் பொண்ணு வேண்டாமுங்க. போலீசு வேண்டாமுங்க. நாயப் பாத்தாப் பாவமா இருக்குது, இருந்தாலும் வேண்டாமுங்க." ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தவர், கடைசியில் நிமிர்ந்தார். அதுவரை மேடம் மேடம் என்றிருந்தவர், "ஏனுங்க அம்மணி, அந்த மழைய மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.

"எடுத்துக்கங்க" என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் ஷாகிரா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, யாராச்சும் பன் வாங்கறாங்களா?" என்றாள்.

மத்தியானம் சார் வந்தார், நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். துரைசாமி தாள் இல்லாமலே சொன்னார். நாற்காலி நிறைய நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார். தார்ப்பாயை மடிக்கிற இடம் வந்தபோது ஒரு கிரீச் சத்தம் கேட்டது. கதை முடிவதற்கு முன்பே சார் நாற்காலியைத் திருப்பி நான் பார்த்தது அன்றுதான்.

திருப்பிச் சொல்வதையும் அவரே செய்தார். ஒன்றையும் விடவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி. "அந்தத் தார்ப்பாய் என்ன நெறமுங்க?"

"நீலமுங்க."

"செரி. அம்மணி, ஷூட்டிங்குக்கு நாள் குறிச்சுக்கங்க."

படப்பிடிப்பு ஆனைமலைப் பக்கத்தில் வேறொரு களத்தில் நடந்தது. அதற்குள் துரைசாமி முற்றிலும் மாறியிருந்தார். ஒளிப்பதிவாளர் மழையை இன்னும் கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கலாமா என்றால், "ஆகாதுங்க." நடிகர் வேலியைத் தாண்டும்போது ஒரு நொடி நின்று யோசிக்கட்டுமா என்றால், "ஆகாதுங்க. யோசிச்சா நனைஞ்சுபோயிருமுங்க." ஷாகிரா வேண்டுமென்றே டீ டம்ளரை நீட்டி, "டீ குடிக்கறீங்களாங்க?" என்றாள். "ஆகாது" என்று பாதி சொல்லிவிட்டு வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் காட்சியைப் பொள்ளாச்சியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில், சின்ன ஹாலில் திரை கட்டிப் போட்டோம். துரைசாமி எழுதுவார் என்று ஊருக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது. ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துரைசாமியின் மனைவி விளக்கு அணைவதற்கு முன் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"மேடம், கடைசி வரிசையில பச்சைத் துண்டு போட்டுட்டு ஒருத்தரு உக்காந்திருக்காருங்களே..."

"ஆமாங்க."

"பக்கத்துக் களத்துக்காரரு அவருதானுங்க. நாங்க கூப்புடலீங்க. வேன்லயும் வரலீங்க. மொபெட்டுல தனியா வந்திருக்காரு."

துரைசாமி பதற்றத்தில் முன்னால் உட்கார முடியாமல் அதே கடைசி வரிசைக்குப் போயிருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலி. நான் படம் பார்த்ததைவிட அந்த நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம்.

படம் முடிந்தது. வேலி மேல் ஒன்றும் இல்லை என்பதோடு திரை இருண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். நாச்சிமுத்து சார் எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துரைசாமி இருந்த பக்கம் திரும்பி, கொஞ்சம் உரக்கவே சொன்னார்:

"நல்லா இருக்குதுங்க."

கம்பெனிக்காரர்கள் நாங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். ஷாகிரா வாயைப் பொத்திக்கொண்டாள். சார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "தெரிஞ்சுதானுங்க சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அவரே படி இறங்கி மண்டபத்துக்கு எதிரே இருந்த பேக்கரிக்கு நடந்தார். தடுக்கப் போன உதவியாளரை, "அது என்ற பன்னுங்க" என்று நிறுத்திவிட்டார்.

பன் பெட்டிகள் வரிசை வரிசையாகக் கைமாறிப் பின்னால் போயின. கடைசிப் பெட்டி துரைசாமி கைக்கு வந்தது. அதில் இரண்டு பன்தான் மிச்சம். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு பெட்டியை நடு நாற்காலியில் வைத்தார். வைத்துவிட்டு முகத்தை வெறும் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார். பச்சைத் துண்டுக்காரர் சிறிது நேரம் கழித்துக் கையை நீட்டி மற்றொன்றை எடுத்தார். இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி, அவசரமில்லாமல் தின்று முடித்தார்கள். ஒரு வார்த்தை இல்லை.

பிறகு அந்த மனிதர் எழுந்தார். காலிப் பெட்டியை எடுத்து, ஓரங்களைப் பிரித்து, தட்டையாக்கி, நாலாக மடித்து, அதே நாற்காலியின் மேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது நாற்காலியின் மேல் பெட்டி இல்லை. துரைசாமி வேறு எங்கோ பார்த்தபடி மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பை உப்பியிருந்தது.

என் வேலைக் காலம் முழுவதும் கதைகளைத் திருப்பிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சரியாக ஒருவர் திருப்பிச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஷாகிரா, உங்கள் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டுச் சொல். பன்னோடு வா.